துணி கட்டிய கொம்பு

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அது அடையாள அட்டையோடு சரி. ஊருக்கு அவர் மோட்டார். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே முதன்முதலாக மோட்டார் ரம்பம் வாங்கியவர் அவர்தான். ரம்பம் துருப்பிடித்து எடைக்குப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் துருப்பிடிக்காமல் ஒட்டிக்கொண்டது.

மர டிப்போவில் நாற்பது வருஷ வேலை. அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். முதல் நாள் அதிகாரி பெயின்ட் டப்பாவோடு காட்டுக்குள் போவார், எந்த மரம் வேண்டுமோ அதன் அடியில் சிவப்பாக ஒரு கோடு இழுப்பார். மறுநாள் மோட்டார் போவார். சிவப்பு இருந்தால் விழ வேண்டும், இல்லாவிட்டால் நிற்க வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கிற வேலை இல்லை அது. நாற்பது வருஷத்தில் ஒரு மரத்தைக்கூடத் தப்பாக வெட்டியதில்லை என்று அவர் சொல்வார். டிப்போவைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

அவர் தப்பாக வெட்டியது சொந்த நிலத்தில். சரிவில் நாலு ஏக்கர். பயிருக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக முந்நூறு மரத்துக்கு மேல் நின்றன. ரம்பம் வாங்கிய புதிது. செங்கல் சூளைக்காரர் ஒருவர் வாய் வார்த்தையாக விறகு கேட்டார். இவருக்குக் கை துறுதுறுவென்றது. ஒன்பது நாள். பத்தாம் நாள் பார்த்தால் நிலம் மொட்டைத் தலை மாதிரி இருந்தது. கிணற்றோரம் இருக்கிற நாலையாவது விட்டுவையுங்களேன் என்று மனைவி கேட்டாள். அந்த நாலையும் கடைசி நாளில் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்த்தார். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை, வீட்டில் உலை கொதிக்காமலும் இல்லை. வீறாப்புக்கு வெட்டினார், அவ்வளவுதான். அதை இன்று வரை வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறார், சொல்ல வரவில்லை.

அடுத்த மழையில் மேல்மண் போயிற்று. அதற்கடுத்த மழையில் அதற்குக் கீழே இருந்ததும் போயிற்று. ஐந்தாம் வருஷம் கிணறு வற்றியது. நிலம் காய்ந்து ஓடாகி, கொத்தினால் கடப்பாரைதான் வளைந்தது. மனைவி ஒரு மைல் தள்ளிப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்தாள். அப்படி எடுத்து வந்துகொண்டிருந்தவள் ஒரு வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். காய்ச்சலுக்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரே சொன்னார். மகள் மட்டும் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்துக்கொண்டாள்.

மரம் விழுந்தபோது மகளுக்குப் பதினான்கு வயது. அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசாமல் இருந்ததில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். சாப்பிட வரச் சொல்வாள். மாத்திரை போட்டாச்சா என்பாள். ஆனால் அவளாக ஒன்றைச் சொல்ல வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தது கிடையாது. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஆறே மாதத்தில் திரும்பி வந்தாள், அது தனிக்கதை. வந்தவள் முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டாள். அவர் பின்னறையில். நடுவில் ஒரு சமையலறை. ஒரு கூரைக்குள் இரண்டு பேர் இத்தனை வருஷம் இப்படியும் இருக்க முடியும் என்று அந்த வீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவளுக்குத் தன்மேல் கோபம் தீர வேண்டும், சாவதற்குள் ஒரு தடவையாவது தீர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்க வேறொரு ஊருக்குப் போனாள். அங்கே ஒரு நிலத்தில் வரிசை இல்லாமல் மரங்கள் நின்றன. யார் நட்டது என்று கேட்டிருக்கிறாள். யாரும் நடவில்லை, பழைய அடிக்கட்டையிலிருந்து தானாக வந்தது, நாங்கள் வெட்டாமல் விட்டோம், அவ்வளவுதான் என்றார்களாம். மேலே செத்தாலும் வேர் சாகவில்லை; வருஷா வருஷம் துளிர்விடத்தான் பார்க்கிறது; ஆடு கடிக்கிறது, நாம் அரிவாளால் செதுக்குகிறோம். அதை நிறுத்தினால் போதும் என்றார்கள். அவள் அன்றைக்குக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, அந்த ஊர்க்காரர்களைத் துளைத்தெடுத்துவிட்டுத்தான் வந்தாள்.

அவளுக்குத் துணை ஒருத்தி கிடைத்தாள். பக்கத்து நிலத்துக்காரி, ஊரில் குழிக்காரி என்று பெயர். அந்தப் பெயர் வந்ததே இந்த வேலையால்தான். இரண்டு பேரும் இரண்டு நிலத்திலும் சரிவு முழுக்கப் பிறை வடிவத்தில் குழி வெட்டினார்கள். பிறையின் வாய் மேட்டைப் பார்த்திருக்கும், வெட்டிய மண் கீழ்ப்பக்கம் கரையாக நிற்கும். மேலிருந்து ஓடி வருகிற மழைத்தண்ணீர் அதில் விழுந்து, நின்று, மண்ணுக்குள் இறங்க வேண்டும். குழிகளுக்கு நடுவே குறுக்கு மறுக்காகக் கல் அடுக்கினார்கள். ஆடு வராமல் சுற்றிலும் முள்வேலி, போக வர ஒரு படல். ஊர் சிரித்தது. காய்ந்த நிலத்தில் இத்தனை குழி யாருக்கு என்று டீக்கடையில் கேட்டவர்கள், அடுத்த வருஷம் வாயை மூடிக்கொண்டார்கள். அடிக்கட்டை ஒவ்வொன்றையும் சுற்றிப் பத்து, பதினைந்து துளிர். அவள் வருஷா வருஷம் வேண்டாததைக் கழித்து, நல்லதாக நாலைந்து விட்டு, பிறகு மூன்று விட்டு, கொம்புகளை ஆளுயரத்துக்கு மேல் கொண்டுவந்துவிட்டாள்.

ஆரம்பித்த வருஷமே மோட்டார் ஒரு காலையில் அங்கே போனார். தனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதானே, கவாத்து பண்ணவாவது கூப்பிடுவாளா என்ற நப்பாசை. கையில் அரிவாள் இருந்தது. மகள் படலுக்கு அந்தப் பக்கம் நின்று அவரைப் பார்க்கவில்லை, அரிவாளைப் பார்த்தாள்.

"அதை வெளிய வெச்சிட்டு வாங்க" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அரிவாளை வைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். அவர் அரிவாளோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தால் தூரத்தில் அந்தப் பச்சை தெரியும். அவர் எப்போதும் அந்த ஓரத்தில்தான் உட்காருவார். யாராவது, மோட்டார், உம் பெண்ணு சாதிச்சிட்டா என்றால், காதில் விழாத மாதிரி டீயை ஊதுவார்.

இந்த வருஷம் அவளுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். நகரத்து ஆஸ்பத்திரியில் பார்த்தால் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டிருந்தன. முதலில் வாரத்துக்கு இரண்டு நாள் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். நாலாவது மாதம் இருதயமும் சோர்ந்துபோனது. அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள்.

அவள் தண்ணீர் குடிக்கக் கூடாது. உடம்பில் போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லை. ஒரு நாளைக்குச் சின்ன டம்ளரில் மூன்று, அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த டம்ளருக்குக் காவல் மோட்டார். மழைத்தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஓடிப்போகக் கூடாதென்று ஆறு வருஷம் குழி வெட்டினவளுக்கு, அந்த மூன்று டம்ளரைக் கால் காலாகப் பிரித்துக் கொடுக்கிற வேலை அவருக்கு வந்து சேர்ந்தது. அவள் நாக்கை நனைத்துக்கொண்டு டம்ளரைத் திருப்பித் தருவாள்.

ஒரு நாள் குழிக்காரி பார்க்க வந்தாள். அன்றைக்கு மகள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து நிறையப் பேசினாள். இந்தத் தடவை கடைசிக் கவாத்து. ஒரு அடிக்கட்டைக்கு ஒரே கொம்பு. இத்தனை வருஷம் தானே பார்த்துத் தானே வெட்டியதால் அடையாளம் தேவைப்படவில்லை. இப்போது உடம்பு போகிற போக்கைப் பார்த்து, வேறு யார் வெட்டினாலும் தெரியட்டும் என்று, ஆஸ்பத்திரியில் படுக்குமுன் நிலம் முழுக்க நடந்து துணி கட்டி வைத்துவிட்டாள். தையலில் மிஞ்சிய சிவப்பு லைனிங் துணி. மழைக்கு முன்னால் வெட்டியாக வேண்டும், ஈரத்தில் வெட்டினால் காயம் அழுகும். அதுதான் கவலை. குழிக்காரிக்குத் தர்மசங்கடம். அவளுடைய பெண்ணுக்குப் பிரசவம், வெளியூர், போயே தீர வேண்டும், பதினைந்து நாளில் வந்து முடித்துவிடுகிறேன் என்றாள். மகள் சரி என்றாள். ஆனால் முகம் விழுந்துவிட்டதை டம்ளரோடு சுவரோரம் நின்றிருந்த மோட்டார் பார்த்தார்.

அந்தத் துணிக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் யாரும் சொல்லவில்லை, பேசின இரண்டு பேருக்கும் அது தெரியும். மூன்றாவது ஆளுக்கும் தெரியும். நாற்பது வருஷமாகத் தெரியும்.

டம்ளர் பொறுப்பை நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறதென்று மகளிடம் சொல்லிக்கொண்டு மறுநாளே ஊருக்கு வந்தார். கைரம்பத்துக்கு அரம் போட்டார். அரிவாளைத் தீட்டினார். படல் முன்னால் போனதும் மட்டும் நின்றுவிட்டார். அதை வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்றவள் அங்கே நிற்பது போலவே இருந்தது. இது உன் வேலைதாம்மா, எனக்காக இல்லை என்று வாய்விட்டே சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே போனவர் கொஞ்ச நேரம் வேலையை மறந்துவிட்டார். அவர் மொட்டையடித்த இடத்தில் நிழல் விழுந்திருந்தது. குழிகளில் சருகு மக்கிக் கிடந்தது, காலால் தள்ளினால் கறுப்பு மண். ஒரு குழியின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் அவருடைய அப்பா காலத்தில் இருந்த வாசனை. வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஒவ்வொரு அடிக்கட்டையிலும் மூன்று கொம்பு இருந்தது. ஒன்றில் மட்டும் சிவப்புத் துணி. துணி கட்டிய கொம்புகளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு நிறைந்தது. நேராக, பருமனாக, ஒரு முண்டு முடிச்சில்லாமல், அவரை விட்டிருந்தால் எதை எடுத்திருப்பாரோ அதையே எடுத்திருந்தாள். அப்பன் கண் அப்படியே வந்திருக்கிறதே என்று சொல்லிக்கொண்டார். இத்தனை நல்லதை ஏன் வெட்டச் சொல்கிறாள் என்ற யோசனை வராமல் இல்லை, வந்தது. கூரைக்கு இருக்கும், வேலிக்கு இருக்கும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். நல்லதைத்தானே வெட்டுவார்கள்? நாற்பது வருஷத்தில் கோணலை வெட்டச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் சொல்லாமல் செய்துவிட்டுப் போய் அவள் முன்னால் நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை, அந்த மனுஷனுக்கு வீறாப்பு போகவேயில்லை.

ஆறு நாள் வெட்டினார். அறுபத்தெட்டு வயது உடம்பு. காலையில் முதுகு நிமிர மறுக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்துவார். வெட்டு ஒவ்வொன்றும் சாய்வாக, பிசிறில்லாமல், பட்டை உரியாமல் விழுந்தது. மிச்ச இரண்டு கொம்பில் கீறல்கூடப் படவில்லை. அப்படி ஒரு சுத்தமான வேலையை டிப்போவில்கூட அவர் செய்ததில்லை. வெட்டியதைக் கிளை கழித்து, நீளம் பார்த்து, இருபது இருபதாகக் கட்டிப் படலோரம் அடுக்கினார். துணிகளை மட்டும் ஒன்றுவிடாமல் அவிழ்த்து, மண் உதறி, மடித்து வைத்தார். தையல்காரி துணியை வீணாக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். முந்நூற்றுப் பன்னிரண்டு.

ஏழாம் நாள் முதல் பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். பையில் துணிக் கட்டு. வார்டில் கட்டிலை நெருங்குமுன்னே சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லாம் முடிச்சிட்டேம்மா" என்றார். "நீ துணி கட்டினது அத்தனையும் வெட்டியாச்சு. ஒண்ணுகூட பாக்கியில்ல."

துணிக் கட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள், மறுபடி துணியைப் பார்த்தாள். நர்ஸ் வந்து எடை பார்க்க வேண்டும் என்றாள். ஒரு நிமிஷம் என்று கை காட்டினாள் மகள். அவள் உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. பேசுவதற்கு முன்னால் நாக்கால் தடவிப் பிரிக்க வேண்டியிருந்தது.

"வெட்டு சாய்வா இருக்காப்பா?"

"பின்ன? பொட்டுத் தண்ணி நிக்காது. அடிக்கட்டைக்கு ஒண்ணும் ஆகாது."

"மத்த கொம்பெல்லாம்?"

"கையே வெக்கல. துணியில்லாததை நான் ஏன் தொடப்போறேன்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. அவருக்கு அது சந்தோஷத்தில் வந்த தண்ணீராகத்தான் பட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கையை நீட்டி அவர் கையைப் பிடித்தாள், திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. அவள் அந்தக் கையைத் தொட்டு இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

"நல்லா வெட்டியிருக்கீங்கப்பா" என்றாள்.

வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று தன் டம்ளரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அது அவளுடைய மத்தியானத் தண்ணீர். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். அவள் விடவில்லை, தாகமில்லை என்று சாதித்தாள். கடைசியில் அவர் ஒரு வாய் குடித்தார்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தாள். அந்தப் பதினோரு நாளும் அவரோடு பேசினாள். அவளாகவே பேசினாள். டிப்போவில் யானை மாதிரி ஒரு மேஸ்திரி இருந்தாராமே, அவர் கதையைச் சொல்லுங்கள் என்பாள். அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது என்ன சட்டை போட்டிருந்தீர்கள் என்பாள். அவர் சொல்லச் சொல்ல மூச்சுத் திணறலோடு சிரிப்பாள். ஒரு தடவை மட்டும், மழை பெய்ததும் நிலத்துக்குப் போய்ப் பாருங்கள், துளிர் வரும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். மோட்டாருக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு பெரிய கோபம் இவ்வளவு சின்ன வேலைக்குத் தீர்ந்துவிட்டதே, ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே அரிவாளை வெளியே வைத்துவிட்டு உள்ளே போயிருந்தால் என்ன என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஒரு நாள் மருந்து வாங்கிக்கொண்டு வந்தபோது குழிக்காரி வந்திருந்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். உடம்பைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்து அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது மகள் இல்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தால் முன்னறையில் தையல் மெஷின் மேல் பாதி தைத்த சட்டை ஒன்று அப்படியே ஊசியில் மாட்டியிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. மருந்துப் பையோடு திரும்பி வந்த துணிக் கட்டை அதன் பக்கத்தில் வைத்தார். அழுதார், சாப்பிட்டார், தூங்கினார். துக்கத்துக்கு நடுவிலும் ஒரு ஆறுதல் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தது. கோபத்தோடு போகவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். குழிக்காரியிடமும் சொன்னார். அவள் ஆமாண்ணே என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து முதல் மழை பெய்தது. காலையில் மழை விட்டு வெறித்ததும், வீட்டில் கிடந்த குழிக்காரியின் கடப்பாரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிலத்துக்குப் போகலாம் என்று கிளம்பினார். அவள் வீட்டில் இல்லை. நிலத்தில் இருப்பாள் என்று அங்கே போனார்.

குழிக்காரியின் நிலத்தில் கவாத்து முடிந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கட்டையிலும் வேண்டாத கொம்புகள் போய், ஒன்றே ஒன்று நின்றது. நேராக, பருமனாக ஒன்று. அந்த ஒன்றின் இடுப்பில், மழையில் நனைந்து இன்னும் சிவப்பாக, துணி.

அவர் முதல் மரத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்காமலே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு மரம் நடந்து பார்த்தார். எல்லாவற்றிலும் துணி. எல்லாம் நின்றன. குழியில் மண் அள்ளிக்கொண்டிருந்த குழிக்காரி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் எங்கே நிற்கிறார், எதைப் பார்க்கிறார் என்று புரிந்ததும் கூடையைக் கீழே போட்டாள்.

"துணி கட்டினதை இன்னும் வெட்டலையா, தங்கச்சி?" என்று கேட்டார்.

அவர் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷம் மகள் பார்த்துப் பார்த்து, கழித்துக் கழித்து, கடைசியில் நிற்கட்டும் என்று தேர்ந்தெடுத்தவை. முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூட பாக்கியில்லை என்று அவரே போய்ச் சொன்னார், சிரித்துக்கொண்டு சொன்னார். நல்லா வெட்டியிருக்கீங்கப்பா என்றாளே, அப்போதே தெரிந்திருக்கிறது அவளுக்கு. துணியைக் கையில் வைத்த உடனே தெரிந்திருக்கிறது.

குழிக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிரசவம் பார்த்துத் திரும்பியதும் உங்கள் நிலத்தைப் பார்த்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், என் வாயால் உங்களைத் திட்டாத திட்டெல்லாம் திட்டினேன், என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணே என்றாள். யாரும் உங்களிடம் சொல்லக் கூடாதென்று உங்கள் பெண் சத்தியம் வாங்கிக்கொண்டாள், அதனால்தான் சொல்லவில்லை என்றாள்.

"என்ன சொன்னா?" என்று கேட்டார். "அவ சொன்னதை அப்படியே சொல்லு."

குழிக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"'எங்கப்பா இப்பத்தான் உள்ள வந்திருக்காரு. அவரை மறுபடி வெளிய அனுப்பிடாதே'ன்னா, அண்ணே."

மோட்டார் அழுத அழுகை அந்த நிலத்தைத் தாண்டி ரோடு வரைக்கும் கேட்டது. மனைவி செத்தபோது அப்படி அழவில்லை, மகள் செத்தபோதும் அப்படி அழவில்லை. குழிக்காரி தடுக்கவில்லை, பக்கத்திலேயே இருந்தாள்.

மறுநாள் அவர் நிலத்துக்குப் போனார். தையல் மெஷின் பக்கத்திலிருந்த துணிக் கட்டை மடியில் கட்டிக்கொண்டிருந்தார். வெட்டுவதற்குக் குழிக்காரி வந்தாள். மழை வந்துவிட்டது, முக்கால்வாசியை அடுத்த கோடைக்குத்தான் தொட முடியும், குறுக்கே கிடக்கிற நாலைந்தை மட்டும் வெறிப்பு பார்த்துக் கழித்துவிடலாம், இப்போதைக்கு எது நிற்க வேண்டும் என்று அடையாளம் வைத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தாள். பழக்கதோஷம், அவர் இடுப்பிலும் அரிவாள் இருந்தது. படல் முன்னால் வந்ததும் நின்றார். அதை எடுத்து வெளியே வேலியோரம் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பிறைக்குழிகள் எல்லாவற்றிலும் தண்ணீர் நின்றது. வெட்டிய இடம் கறுத்துப்போயிருந்தது. அதற்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாகத் துளிர் கிளம்பியிருந்தது. அவர் கை வைக்காமல் விட்ட இரண்டிரண்டு கொம்பும் நின்றன. எல்லாம் கோணல், எல்லாம் நோஞ்சான். நேராக இருப்பதைப் பார்க்கத்தான் அவருக்குத் தெரியும், இவற்றில் எதை நிற்கச் சொல்வது என்று ஒன்றும் ஓடவில்லை. முதல் அடிக்கட்டையில் ரொம்ப நேரம் நின்றார். கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு துணியைச் சுற்றினார். முடிச்சு நிற்கவில்லை, அவிழ்ந்து விழுந்தது. ஆயுசு முழுக்க வெட்டின கை, எதையும் கட்டிப் பழகவில்லை. இறுக்கிப் போட்டார்.

"அவ்வளவு இறுக்காதீங்கண்ணே" என்றாள் குழிக்காரி. "ஒரு விரல் நுழையணும். அது பருக்க வேணாமா?"

அவர் அவிழ்த்துவிட்டு, தன் விரலை உள்ளே கொடுத்து, அதைச் சேர்த்துக் கட்டிப் பார்த்தார். பிறகு விரலை உருவினார். முடிச்சு நின்றது. மடியிலிருந்து அடுத்த துணியை எடுத்துக்கொண்டு பக்கத்து அடிக்கட்டைக்குப் போனார்.